அம்மா கீரை பறிக்கும் புல்தரை



பனி உருகிப் புல் தலைதூக்கும் மாதம் இது. ஹோம் டிப்போ, லோஸ் கடை வாசல்களில் உர மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். கண்ணில் முதலில் படுவது 'வீட் அண்ட் ஃபீட்'. களைக்கொல்லியும் உரமும் கலந்த ஒரே மூட்டை. ஒருமுறை தூவிவிட்டால் களை சாகும், புல் செழிக்கும் என்கிறது முகப்புப் படம். புதிதாக வீடு வாங்கி, முதல் வசந்தத்திலேயே ஹெச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து 'உங்கள் புல்தரையில் களை மண்டியிருக்கிறது' என்று கடிதமும் வாங்கிய குடும்பத்துக்கு அந்தப் படம் எவ்வளவு ஆறுதல் தரும் என்று எனக்குத் தெரியும். எந்த மூட்டையை வாங்குவது, எப்போது போடுவது, பிள்ளைகளை எப்போது விளையாட விடலாம் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடிதங்களில் ஒன்றுதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. நியூ ஜெர்சி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். போன ஆடி மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, காலையில் பேக்யார்டைச் சுற்றி நடந்தபோது புல்தரை ஓரத்தில் பருப்புக்கீரை படர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு கீரையை யாரும் சீந்தாமல் விட்டிருக்கிறார்களே என்று மடி நிறையப் பறித்து வந்து மதியத்துக்குக் கூட்டு வைத்துவிட்டார். முந்தின வாரம்தான் அந்தப் புல்தரைக்குக் களைக்கொல்லி போட்டிருந்தது. மகள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துப் பதறி, பாத்திரத்தோடு கொட்டியிருக்கிறார். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. நல்லவேளை.

அந்த அம்மா செய்ததில் ஒரு பிழையும் இல்லை. மூட்டையின் பின்புறத்தில் 'இந்தக் களைகளைக் கொல்லும்' என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். அதை ஒருமுறை நம் கண்ணால் பாருங்கள். பர்ஸ்லேன் என்பது நம் பருப்புக்கீரை. ஆக்ஸாலிஸ் குடும்பத்தில் மஞ்சள் பூ பூக்கும் சிறு செடிகளில் ஒன்று நம் புளியாரை. ஃப்ளோரிடாவில் ஈரமான புல்தரைகளில் வட்ட வட்டமாகப் பரவும் டாலர்வீட், வல்லாரைச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களை ஏமாற்றிவிடும் அளவுக்கு வல்லாரையை ஒத்தது. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பெர்முடா கிராஸ் என்று விலை கொடுத்து வாங்கி விரிக்கிறார்களே, அதுவும் நம் அருகம்புல் இனம்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு அதைக் கிள்ளி மாலை கட்டுபவர்களும், சாறு எடுத்துக் குடிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புல்தரை என்பது பார்ப்பதற்கும் நடப்பதற்கும். நம் வீடுகளிலோ அது வாய்வரை வருகிறது. ஆகவே இந்த மூட்டையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் நமக்குப் போதாது.

முதலில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முகப்பில் 28-0-3 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்து நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்கள் அவை. அது மூட்டையின் உரப் பகுதி. களைக்கொல்லியின் பெயர் பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். வடக்கு மாநிலங்களில் கிடைக்கும் மூட்டைகளில் பொதுவாக 2,4-டி இருக்கும். அதோடு மெக்கோப்ராப்போ டைகாம்பாவோ சேர்ந்திருக்கும். 2,4-டி, செடிக்குள் இயற்கையாக ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போன்ற ஒரு வேதிப்பொருள். டான்டிலையன், க்ளோவர் போன்ற அகன்ற இலைச் செடிகள் அதை உறிஞ்சினால் தாறுமாறாக வளர்ந்து, தண்டு முறுக்கிக்கொண்டு, சில வாரங்களில் செத்துவிடும். புல்லுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. நம் தோட்டத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ், வெயிலுக்காக வெளியே எடுத்து வைக்கும் கறிவேப்பிலை எல்லாமே அகன்ற இலைச் செடிகள். களைக்கும் அவற்றுக்கும் இந்த மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. அதிலும் தக்காளி மிக மென்மையானது. துளி பட்டால் போதும், இலை சுருண்டுவிடும்.

க்ளோவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் புல்தரைக்கான விதை வாங்கினால் அதில் வெள்ளை க்ளோவர் விதையும் கலந்தே வரும். அது களை என்று யாரும் நினைக்கவில்லை. காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குத் தரும் பயறு வகைச் செடி அது. பக்கத்துப் புல்லுக்கு இலவச உரம். போர் முடிந்த கையோடு 2,4-டி சந்தைக்கு வந்தது. அது டான்டிலையனோடு க்ளோவரையும் சேர்த்துக் கொன்றது. மருந்துக்கு ஏற்றபடி அளவுகோலும் மாறியது. க்ளோவர் களைப் பட்டியலுக்குப் போனது, அது கொடுத்துக்கொண்டிருந்த நைட்ரஜனை மூட்டையில் வாங்க வேண்டியதாயிற்று. ஹெச்.ஓ.ஏ. கடிதத்தில் க்ளோவர் களை என்று எழுதியிருந்தால் மனம் கலங்க வேண்டாம். இந்த நாட்டின் பாட்டிமார் அதை விதைத்து வளர்த்தவர்கள்.

இனி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். உரமும் களைக்கொல்லியும் தனித்தனியாக இருப்பதே நல்லது. இரண்டும் கேட்பவை வேறு வேறு. உரம் வேருக்குப் போக வேண்டும். அதற்குத் தூவியதும் தண்ணீர் வேண்டும். 2,4-டி வகை மருந்து இலையில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். அதற்குத் தூவிய பிறகு ஒரு நாள் தண்ணீரே படக் கூடாது. இரண்டையும் ஒரே குருணையில் வைத்தால், ஒன்று காத்திருக்க வேண்டியிருக்கும். காலமும் இடிக்கிறது. நியூ ஜெர்சி, ஓஹையோ, இல்லினாய் போன்ற குளிர் மாநிலங்களின் ஃபெஸ்க்யூ, ப்ளூகிராஸ் புற்களுக்கு உரம் தர ஏற்ற காலம் செப்டம்பர். வசந்தத்தில் அள்ளிப் போட்டால் இலை மட்டும் மளமளவென்று வளர்ந்து, வாரம் இருமுறை வெட்ட வைத்து, வேர் வலுவில்லாமல் கோடையில் வாடிப்போகும். டான்டிலையனைக் கொல்லவும் இலையுதிர் காலமே சிறந்தது. குளிருக்கு முன்னால் அது உணவை இலையிலிருந்து வேருக்கு அனுப்புகிறது, மருந்தும் கூடவே வேருக்குப் போகும். மூட்டைகளைக் கடை வாசலில் அடுக்குவதோ ஏப்ரலில்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் ஒப்பாத விஷயம் இது: முன்புறத்தில் பத்து டான்டிலையன் இருக்கிறது என்பதற்காகப் புல்தரை முழுவதும், பிள்ளைகள் உருளும் இடம் உட்பட, மருந்தைத் தூவுகிறோம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பதில்லையே.

கனடா இதே காரணத்தை வைத்துத்தான் முடிவெடுத்தது. நம் கனடா வாசகர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். மான்ட்ரியாலுக்கு மேற்கே ஹட்சன் என்ற சிறிய ஊர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர், தன்னிடம் வரும் நோயாளிகளைப் பார்த்துக் கவலைப்பட்டு, 1985-இலிருந்து ஊர்மன்றக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய், புல்தரை மருந்துகளைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1991-இல் அந்த ஊர் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பயன்படுத்தத் தடை விதித்தது. புல்தரை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2001-இல் ஹட்சனுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. கியூபெக் மாகாணம் 2003-இல் விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்டாரியோவின் தடை 2009 ஏப்ரல் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. புல்தரைக்கான உரமும் களைக்கொல்லியும் கலந்த மூட்டைகளை 2012 முடிவோடு நாடு முழுவதும் நிறுத்திவிட்டது கனடாவின் சுகாதாரத் துறை. களை இருக்கும் இடத்தில் மட்டும் மருந்து போட்டால் போதும் என்பதே அதன் வாதம். ஒரு மருத்துவர் விடாமல் கேட்ட கேள்வி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லை தாண்டி பஃபலோவில் மூட்டை வாங்கி வருவது தீர்வாகாது. வீட்டுப் புல்தரையில் அதைப் போடுவதே ஒன்டாரியோவில் சட்டத்துக்கு விரோதம். அங்கே அனுமதியுள்ள இரும்புச் சத்து அடிப்படையிலான தெளிப்பு மருந்து, அகன்ற இலைகளைக் கருகவைக்கும். திரும்பத் துளிர்த்தால் மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் அமெரிக்காவில் இருக்கும் பலர் அந்த மூட்டையை வாங்கத்தான் போகிறீர்கள். வாரம் முழுதும் வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. இரண்டு முறை தூவ நேரமில்லை என்பது நியாயமான காரணம். வாங்குவதானால் சரியாக வாங்குங்கள், சரியாகப் போடுங்கள். அதற்காகவே மீதிப் பக்கம்.

மூட்டையைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் புல் என்ன புல் என்று தெரிய வேண்டும். ஹூஸ்டனிலும் டாம்பாவிலும் அதிகம் காணப்படும் செயின்ட் அகஸ்டின் புல்லுக்கும், சென்டிபீட் புல்லுக்கும் வடக்கின் 2,4-டி மூட்டை ஆகாது. வெயில் ஏறிய பிறகு போட்டால் புல்லே மஞ்சளாகிப் பொசுங்கும். தெற்கில் அந்தப் புற்களுக்கென்று விற்கும் மூட்டைகளில் பலவற்றில் அட்ரசின் இருக்கும். அதை வடக்கின் ஃபெஸ்க்யூ, ப்ளூகிராஸ் தரையில் போட்டால் களையோடு புல்லும் போகும். அட்ரசின் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் காரணத்துக்காகவே அதற்கு அனுமதி மறுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சொந்தக் கிணற்று நீர் குடிக்கும் வீடுகள் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது முளைத்த களையா, முளைக்கப் போகும் களையா? டான்டிலையன் முளைத்து நிற்பது. க்ராப்கிராஸ் ஒவ்வொரு வசந்தத்திலும் விதையிலிருந்து புதிதாக முளைப்பது; அதைத் தடுக்க பெண்டிமெத்தலின், புரோடயமின், டைதியோபைர் போன்றவை கலந்த வேறு மூட்டை இருக்கிறது. மண்ணின் வெப்பம் 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் ஆகும்போது, அதாவது தெருவில் ஃபார்சித்தியாப் புதர்கள் மஞ்சளாகப் பூக்கும் நாட்களில், அதைத் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். 2,4-டி மூட்டைக்கு நேர் எதிர்முறை. இரண்டு மூட்டைகளும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கி, மாற்றிப் போட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று வருந்துபவர்கள் ஏராளம். இன்னொன்று: க்ராப்கிராஸ் விதையை முளைக்க விடாத மருந்து, நீங்கள் வாங்கிப் போடும் புல் விதையையும் முளைக்க விடாது. அந்த வசந்தத்தில் விதை போடும் எண்ணம் இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். கோரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நட்செட்ஜ் என்று இங்கே சொல்லும் கோரை, வழக்கமான வீட் அண்ட் ஃபீடுக்கு மசியாது. ஊரில் வயலில் படுத்திய அதே பிடிவாதம்தான். அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

அளவு. இங்கேதான் நம்மவர்கள் தாராளமாகிவிடுகிறோம். 'இன்னும் கொஞ்சம் போட்டால் நன்றாக வேலை செய்யும்' என்ற எண்ணம் சாம்பாருக்குக்கூடப் பொருந்தாது, மருந்துக்கு எப்படிப் பொருந்தும்? முதலில் புல்தரையை மட்டும் அளந்துகொள்ளுங்கள். வீட்டையும் ட்ரைவ்வேயையும் கழித்துவிடுங்கள். 5,000 சதுர அடிக்கு என்று எழுதியிருக்கும் மூட்டை, நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். அது 14 பவுண்டு எடையும் 28 விழுக்காடு நைட்ரஜனும் கொண்டதென்றால், மூட்டையில் ஏறத்தாழ 4 பவுண்டு நைட்ரஜன் இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு 0.8 பவுண்டு. ஒரு தடவைக்கு ஆயிரம் சதுர அடிக்கு 1 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது புல்தரை வளர்ப்பவர்களின் பழைய கணக்கு. உங்கள் தரை 3,000 சதுர அடிதான் என்றால் மீதியை மூட்டையிலேயே வைத்துக் கட்டிவிடுங்கள். மிச்சம் வைக்க மனமில்லாமல் முழுதும் கொட்டுவதால்தான் புல் கருகுகிறது. சில மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. நியூ ஜெர்சியில் நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் உரம் போடக் கூடாது. பலத்த மழை வரப்போகிறது என்றால் அதற்கு முன்னும் போடக் கூடாது. மண் பரிசோதனை இல்லாமல் பாஸ்பரஸ் கலந்த உரம் போடக் கூடாது. ஏரிகளிலும் குளங்களிலும் பாசி மண்டுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. மூட்டையின் நடு எண் பெரும்பாலும் பூஜ்யமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

தூவும் நாளுக்கு வருவோம். காற்று அசையாத காலை, புல்லில் பனித்துளி நிற்கும் நேரம், வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலும் 85-க்குக் கீழும், அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை இல்லை என்ற வானிலை அறிக்கை: 2,4-டி வகைக்கு இது ஏற்ற நாள். குருணை ஈர இலையில் ஒட்ட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும். தண்ணீர் விடுவதை ஒரு நாள் தள்ளி வையுங்கள். பிறகு நன்றாக விடுங்கள், உரம் இறங்கட்டும். தூவும் வண்டியான ஸ்ப்ரெடரில் மருந்தை நிரப்புவதைச் சிமென்ட் தரையில் வைத்துச் செய்யுங்கள். சிந்தினால் கூட்டி அள்ளிவிடலாம். புல்லில் கொட்டினால் அந்த இடம் எரிந்துவிடும். அளவைப் பாதியாக வைத்து, ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் போனால் பட்டை பட்டையாகத் தெரியாது. காய்கறிப் பாத்திக்கும் பூச்செடிக்கும் பக்கத்தில் சுழல் ஸ்ப்ரெடர் வேண்டாம், அது ஆறேழு அடி தள்ளியும் எறியும்.

மரத்தடியை விட்டுவிடுங்கள். டைகாம்பாவும் அட்ரசினும் மண்ணில் இறங்கி மர வேர்களுக்குப் போகக் கூடியவை. கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்குள் போட வேண்டாம் என்று லேபிளே சொல்லும். 2011-இல் இம்ப்ரெலிஸ் என்ற புல்தரைக் களைக்கொல்லியால் பல மாநிலங்களில் ஸ்ப்ரூஸ் மரங்களும் வெள்ளை பைன் மரங்களும் பழுத்துச் செத்தன. டூபான்ட் நிறுவனத்தின் மருந்து அது. தொழில்முறை ஆட்கள் மட்டுமே பயன்படுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் விற்பனையை நிறுத்தியது. புல்லுக்குப் போடுவது புல்லோடு நிற்பதில்லை.

உடுப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லுங்கியும் செருப்புமாக இறங்குவது நம் வழக்கம். அன்றைக்கு மட்டும் முழுக்கால் சட்டை, முழுக்கை, கையுறை, மூடிய ஷூ. வேலை முடிந்ததும் அந்தத் துணிகளைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். ஷூவை வாசலில் விடும் நம் பழக்கம் இங்கே பெரிய பாதுகாப்பு. புல்தரையில் போட்ட 2,4-டி, ஷூவோடும் நாயின் பாதத்தோடும் வீட்டுக்குள் வந்து தரைவிரிப்பில் தங்குவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ட்ரைவ்வேயிலும் நடைபாதையிலும் விழுந்த குருணையைத் துடைப்பத்தால் புல்லுக்குத் தள்ளுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவினால் அது தெருவோர மழைநீர் வடிகால் வழியாக, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், நேரே ஓடைக்குப் போகும்.

தூசி அடங்கியதும் அல்லது தண்ணீர் விட்ட தரை காய்ந்ததும் புல்தரைக்குள் போகலாம் என்று லேபிள் சொல்லும். அது குறைந்தபட்சம். கைக்குழந்தை, தவழும் பிள்ளை, நாய் இருக்கும் வீட்டில் ஒரு நல்ல தண்ணீர் விட்டுக் காய்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள் என்பேன். நாயின் சிறுநீரகம் 2,4-டியை வெளியேற்ற மனிதரைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். புற்றுநோய் வருமா என்று பலர் பயத்தோடு கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் 2,4-டியை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற 2பி வகையில் சேர்த்தது. மனிதரிடம் போதுமான சான்று இல்லை என்பதையும் அதுவே சொன்னது. அமெரிக்க முகமையோ, லேபிள்படி பயன்படுத்தலாம் என்று அனுமதித்திருக்கிறது. வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் 2,4-டி பாதிப் பங்கு என்பது உண்மை. அதன் கொடிய நச்சான டையாக்சின் வந்தது மற்றப் பாதியான 2,4,5-டியிலிருந்து. இவ்வளவையும் அறிந்த பிறகு பீதி அடைய வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் ஒரு குருணைகூட விழ வேண்டாம் என்று நினைப்பதற்கு இது போதும்.

வெட்டிய புல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். மருந்து போட்ட பிறகு முதல் மூன்று நான்கு முறை வெட்டிய புல்லை மிளகாய்ச் செடிக்கு மூடாக்காகப் போடாதீர்கள், கம்போஸ்டிலும் சேர்க்காதீர்கள். அதைத் தரையிலேயே விட்டுவிடலாம். அங்கேயே மட்கி, புல்லின் ஆண்டுத் தேவையில் கால் பங்கு நைட்ரஜனைத் திருப்பித் தரும்.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புகிறேன். ஊரிலிருந்து வரும் நம் பெற்றோருக்கு இந்த நாட்டில் சொந்தமாக நடந்து திரிய இருக்கும் இடம் பேக்யார்டும் தெருவோரமும்தான். கீரை பறிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு, வீட்டுக்கு ஒத்தாசை, ஊர் நினைவு எல்லாம். அதைத் தடுக்காதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே கூட்டிப் போய்க் காட்டுங்கள்: இது நம் புல், இதற்கு மருந்து போட்டிருக்கிறோம், இங்கே எதையும் பறிக்க வேண்டாம். தெருவில் புல்தரை ஓரங்களில் குத்தியிருக்கும் சிறிய கொடிகளைக் காட்டி, அவை மருந்து அடித்ததற்கான அறிவிப்பு என்று சொல்லிக் கொடுங்கள். பல மாநிலங்களில் நிறுவனங்கள் அதைக் குத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதில் இருப்பது ஆங்கிலம், அது எடுக்கப்பட்ட பிறகும் மருந்து மண்ணில் இருக்கும். பக்கத்து வீட்டுத் தரை, பூங்கா, பள்ளி மைதானம், கோவில் வளாகத்துப் புல் எதிலிருந்தும், என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல், கீரையோ அருகம்புல்லோ எடுக்க வேண்டாம். நாமே ஒரு தமிழ்ச் சீட்டு எழுதி நம் தரை ஓரத்திலும் குத்தி வைக்கலாம்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பின்புறத்தில் நாலுக்கு எட்டு அடி இடத்தை ஒதுக்கி, அதற்கு எப்போதும் எந்த மருந்தும் போடுவதில்லை என்று முடிவு செய்து, அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பருப்புக்கீரை விதைக்கக்கூட வேண்டாம், ஜூன் மாதத்தில் தானே வரும். அருகம்புல்லை ஒரு தொட்டியில் வையுங்கள். தரையில் விட்டால் பாத்தி முழுவதும் அதுவே ஆகிவிடும்.

மூட்டையே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். ஃபெஸ்க்யூ தரையில் அந்த நிழலே க்ராப்கிராஸை வெகுவாகக் குறைக்கும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக் கிறிஸ்டியன்ஸ், மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரித்தெடுக்கும்போது கிடைக்கும் க்ளூட்டன் தூள் விதை முளைப்பைத் தடுப்பதைக் கண்டறிந்து, 1991-இல் காப்புரிமை பெற்றார். அதில் பத்து விழுக்காடு அளவுக்கு நைட்ரஜனும் இருப்பதால் அது இயற்கையான வீட் அண்ட் ஃபீட். ஆயிரம் சதுர அடிக்கு 20 பவுண்டு வேண்டும் என்பதால் செலவு அதிகம். முளைத்துவிட்ட களையை ஒன்றும் செய்யாது. டான்டிலையனை, மழை பெய்த மறுநாள், நீளமான களைக்கொத்தால் ஆணிவேரோடு பிடுங்குங்கள். அந்த வெறும் இடங்களில் செப்டம்பரில் புல் விதை தூவுங்கள். மே மாதம் 2,4-டி போட்டிருந்தாலும் அதற்குள் அதன் வீரியம் போயிருக்கும். நான்கு வாரம் கழிந்தால் விதை போடலாம். புதிதாக முளைத்த புல்லை நான்கு முறையாவது வெட்டும்வரை எந்தக் களைக்கொல்லியும் வேண்டாம்.

மீதமான மூட்டையை இறுகக் கட்டி, கராஜில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், லேபிளோடு வையுங்கள். வேறு டப்பாவில் மாற்றி வைக்காதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் எதையும் போட்டு வைக்கும் பழக்கம் இந்தப் பொருளுக்கு ஆபத்து. தவறிப்போய் யாராவது வாயில் போட்டுக்கொண்டாலோ கண்ணில் பட்டாலோ, லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நஞ்சு உதவி மையத்தை அழையுங்கள். அமெரிக்காவில் 1-800-222-1222, கியூபெக் நீங்கலாகக் கனடாவில் 1-844-764-7669. இரவு பகல் எந்நேரமும் இலவசம். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது அழைக்க நேர்ந்தால், அமெரிக்க எண்ணில் 'தமிழ்' என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரை இணைக்கக் கேட்கலாம் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

உங்கள் ஊர், உங்கள் புல், மூட்டையின் பெயர் மூன்றையும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்